காத்து நின்ற கப்பல்கள்

என் முகாமையாளன் பற்றிக் நல்லவன். அவனிடம் எனக்குப் பிடிக்காத ஒரே விஷயம் அதுதான். கொஞ்சம் கெட்ட முகாமையாளனாக இருந்திருந்தால், "உன் அக்காவையும் கூட்டிக்கொண்டு வா, சிவா" என்று சொல்லியிருக்க மாட்டான். நானும் கூட்டிக்கொண்டு போயிருக்க மாட்டேன்.

என் முழுப்பெயர் சிவநேசம். மொன்றியலுக்குப் பக்கத்தில், புவாண்ட்-கிளேரில் ஒரு சின்ன விமான அருங்காட்சியகத்தில் காவலாளி. அந்தக் கட்டடம் முன்னர் ஒரு களஞ்சியம். அங்கே பதினாறு வருடம் பெட்டி கட்டினேன். கம்பனி இடம் மாறியது, விமானப் பைத்தியங்கள் சிலர் கட்டடத்தை எடுத்தார்கள், நான் கட்டடத்தோடு நின்றுவிட்டேன். வேலை சுகம். கதிரையில் இருக்க வேண்டும், சின்னப்பிள்ளைகளைப் பார்த்துத் தொடாதே என்று பிரெஞ்சில் சொல்ல வேண்டும், ஆள் வந்தால் மேசைப் பொத்தானை அழுத்த வேண்டும்.

மேசை பதினைந்து அடி நீளம். நீலம் பூசிய பலகைதான் அத்திலாந்திக் கடல். இடப்பக்கம் நியூஃபவுண்ட்லாந்து, வலப்பக்கம் அசோர்ஸ் தீவுகள். 1919ஆம் ஆண்டு மே மாதத்தில் அமெரிக்கக் கடற்படையின் மூன்று விமானங்கள் இந்தத் தூரத்தைக் கடக்கப் புறப்பட்டன. தண்ணீரிலும் இறங்கக்கூடிய விமானங்கள். அந்தக் காலத்தில் நடுக்கடலில் விமானத்துக்கு வழி காட்ட ஒன்றும் கிடையாது. ஆகவே ஏறத்தாழ ஐம்பது மைலுக்கு ஒன்றாக இருபதுக்கு மேற்பட்ட கப்பல்களைக் கடலில் வரிசையாக நிறுத்தினார்கள். பகலில் கப்பல் புகை விடும், இருட்டில் விளக்கடிக்கும். விமானம் கடலில் விழுந்தால் ஓடிப்போய்த் தூக்க வேண்டும். நான் பொத்தானை அழுத்தினால் குட்டி விமானம் கம்பியில் ஊர்ந்து போகும், அதன் கீழே கப்பல்களின் விளக்குகள் ஒவ்வொன்றாக எரியும்.

இதை முதலில் பார்த்த நாள் எனக்கு மத்தியானச் சாப்பாடு இறங்கவில்லை. என்ன காரணம் என்று இப்போதே சொல்லிவிடுகிறேன், பேந்து மறைத்துவிட்டான் என்று யாரும் என்னோடு சண்டைக்கு வரக்கூடாது. ஏற்கெனவே முப்பத்தைந்து வருடம் மறைத்தவன்.

தொண்ணூறாம் ஆண்டு ஆவணியில் அத்தானுக்குக் காலில் ஷெல் துண்டு பாய்ந்தது. அத்தான் என்றால் அக்கா குணேஸ்வரியின் கணவர், இரவிச்சந்திரன். யாழ்ப்பாணத்தில் மருந்து இல்லை. காயம் மணக்கத் தொடங்கியதும், இந்தியாவுக்குக் கொண்டுபோனால் காலை எடுத்தாவது ஆளைக் காப்பாற்றலாம் என்று மாதகலில் படகு ஏறினோம். அம்மா படுக்கையில் கிடந்ததால் அக்கா வரவில்லை. "நீ அவரோடை போ. நான் அடுத்த படகிலை வாறன்" என்று சொல்லி அத்தானை என்னிடம் ஒப்படைத்தாள். எனக்கு அப்போது இருபத்துநான்கு வயது.

படகில் ஒன்பது பேர். பாதி வழியில் எஞ்சின் நின்றது. ஓட்டி அதைத் திறந்தான், துடைத்தான், கும்பிட்டான், கடைசியில் திட்டியும் பார்த்தான். இரண்டாம் நாள் குடிதண்ணீர் முடிந்தது. மூன்றாம் நாள் மத்தியானம் தூரத்தில் புகை தெரிந்தது, பிறகு கப்பல் தெரிந்தது. சாம்பல் நிறம். முதலில் கண்டது அத்தான்தான். காய்ச்சலில் கிடந்த மனிதர் எழும்பி உட்கார்ந்து சேர்ட்டைக் கழற்றினார். "கப்பல். கையைக் காட்டுவம்" என்றார். ஓட்டி என்னைப் பார்த்தான். மற்றவர்களும் என்னைப் பார்த்தார்கள். அந்தப் படகில் பல்கலைக்கழகம் போனவன் நான் ஒருவன்தான் என்பதைத் தவிர வேறு காரணம் இருந்திருக்காது.

"நேவி. படுங்கோ" என்றேன்.

எங்கள் கடலில் அந்தச் சொல்லுக்கு ஒரே ஒரு கருத்துத்தான் இருந்தது: படகைக் கண்டால் சுடுகிற இலங்கைக் கடற்படை. எல்லோரும் படுத்துவிட்டார்கள். அத்தான் சேர்ட்டை விடவில்லை. நான் அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துப் படகின் அடியில் அமத்தி வைத்தேன். மேலே படகை மூடுகிற கறுப்புப் படங்கை இழுத்துவிட்டோம். கப்பல் நெடுநேரம் அந்தப் பக்கத்திலேயே மெதுவாகத் திரிந்தது. பிறகு போய்விட்டது.

அத்தான் அடுத்த நாள் காலையில் செத்துப்போனார். அன்று மத்தியானம் இராமேஸ்வரத்து மீனவர்கள் எங்களைக் கட்டி இழுத்துக்கொண்டு போனார்கள். கொள்ளி வைத்தது நான். மண்டபம் முகாமில் எங்கள் பெயர்களைப் பதிந்த எழுத்தர் தலை நிமிராமலே கேட்டார். "ரெண்டு நாளா நம்ம கப்பல் ஒண்ணு அந்தப் பக்கம்தான் சுத்திட்டு இருந்துச்சு. அகதிங்க படகு எதாவது மாட்டிக்கிட்டு நிக்குதான்னு தேடிச்சு. நீங்க பாக்கலையா?"

"இல்லை" என்றேன்.

அக்காவுக்கும் அதையே எழுதினேன். 'மூன்று நாள் கிடந்தோம். ஒரு கப்பலும் வரவில்லை.' அந்த வரியை அவள் பிடித்துக்கொண்டாள். தொண்ணூற்றாறில் மொன்றியலுக்கு வந்தாள். கோட்-டெ-நெய்ஜில் ஒரு ஆஸ்பத்திரியில் இருபத்திரண்டு வருடம் தரை துடைத்தாள். மறுமணம் செய்யவில்லை. அத்தானைப் பற்றி யார் கேட்டாலும், டாக்குத்தராக இருந்தாலும் பக்கத்து வீட்டு ஹெயிட்டிக்காரியாக இருந்தாலும், ஒரே வசனம்தான் சொல்வாள்: "ஒரு கப்பல் வந்திருந்தால் இண்டைக்கு என்ரை மனிசன் இருந்திருப்பார்." அவள் அதைச் சொல்லும்போதெல்லாம் நான் யன்னலையோ தொலைக்காட்சியையோ பார்ப்பேன். மற்ற ஏழு பேரும் ஜெர்மனி, சுவிஸ் என்று சிதறிவிட்டார்கள். காட்டிக்கொடுக்க ஆள் இல்லை. எனக்கு நல்ல வசதி.

இந்த வருடம் பற்றிக்குக் கொஞ்சம் அரசாங்க உதவி கிடைத்தது. நகரத்தில் பேசுகிற மொழிகளில் எல்லாம் மேசையின் கதையை எழுதி வைக்கப்போவதாகச் சொன்னான். கிரேக்கம், பஞ்சாபி, கிரெயோல், தமிழ். தமிழை எழுத அனுப்ரியா வந்தாள். மதுரைப் பிள்ளை. பல்கலைக்கழகத்தில் ஏதோ பொறியியல் படிக்கிறாள், சனிக்கிழமைகளில் இங்கே தொண்டு. கெட்டிக்காரி. வாய் ஓயாது. அவள் எழுதியதை நான் சரிபார்க்க வேண்டும் என்பது பற்றிக்கின் ஏற்பாடு.

தாளை நீட்டினாள். 'கடற்படைக் கப்பல்கள் ஐம்பது மைலுக்கு ஒன்றாக விமானங்களுக்காகக் காத்து நின்றன' என்று தொடங்கியது. நான் அந்த வரியிலேயே நின்றுவிட்டேன்.

"தப்பா இருக்கா அங்கிள்?"

"தப்பில்லை. கடற்படை எண்டு போடத்தான் வேணுமோ?"

"நேவிக்கு வேற வேர்ட் இருக்கா என்ன? கடற்படைதானே. 'காத்து'ன்னு சும்மா போடலை அங்கிள். வெயிட் பண்றதுக்கும் அதான், பாதுகாக்கறதுக்கும் அதான். ரெண்டும் ஒரே வார்த்தையில வந்துடுது. நல்லா இல்ல?"

நன்றாகத்தான் இருந்தது. அவளுடைய ஊரில் அதற்கு இரண்டு கருத்து. எங்கள் ஊரில் கடற்படை காத்து நின்றது என்றால் மூன்றாவது கருத்து ஒன்று இருக்கிறது. அதை அந்தப் பிள்ளைக்குச் சொல்லப் போனால், எப்படித் தெரியும், எங்கே பார்த்தீர்கள் என்று கேட்பாள். கேள்வி கேட்பதில் அவளை வெல்ல முடியாது. "நல்லா இருக்கு பிள்ளை" என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். நான் வாயை மூடியதால் வந்த வினைகளில் இது இரண்டாவது.

திறப்பு விழா ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறுகளில் நான் என் வீடு இருக்கும் வில்லரேயில் இருந்து அக்கா வீட்டுக்குப் போவது வழக்கம். அன்றைக்கு அவளைக் காரில் ஏற்றிக்கொண்டேன். பற்றிக்குக் கொடுப்பதற்கு ஒரு டப்பா நிறைய உளுந்து வடை சுட்டு வைத்திருந்தாள். புதுச் சீலை. "எடேய், உன்ரை பெரியவருக்கு உறைப்புத் தாங்குமோ?" என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டு வந்தாள். அவள் இவ்வளவு சந்தோசமாக இருந்து நான் பார்த்துக் கன காலம்.

உள்ளே போனதும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நேரே தமிழ் இருக்கும் இடத்துக்குப் போனாள். "பாரன், எங்கடை எழுத்து" என்று விரலை வைத்து ஒவ்வொரு சொல்லாக வாசித்தாள். கடற்படைக் கப்பல்கள். ஐம்பது மைலுக்கு ஒன்றாக. விமானங்களுக்காக. காத்து நின்றன. விரல் அந்த இடத்தில் நின்றது. முகம் மாறியது.

"அறுவாங்கள்" என்றாள். "அங்கையும் நிண்டவங்களோ? எத்தினை பேரடா தப்பினவை?"

பக்கத்தில் நின்ற அனுப்ரியா, பகிடி என்று நினைத்துச் சிரித்தாள். அக்காவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டாள். மன்னிப்புக் கேட்க வேண்டுமா வேண்டாமா என்று தெரியாமல் கிரேக்கக் குடும்பம் ஒன்றைக் கவனிக்கப் போய்விட்டாள்.

"சுட இல்லை அக்கா" என்றேன். "காப்பாத்தத்தான் நிண்டவை. வழி காட்ட. விழுந்தால் தூக்க."

"ஆர்? நேவியோ?"

"ஓம்."

"விசர்க்கதை கதையாதை."

நான் பொத்தானை அழுத்தினேன். விமானம் ஊர்ந்தது, விளக்குகள் எரிந்தன. அக்கா மேசையோடு மேசையாக நடந்து அசோர்ஸ் வரைக்கும் போனாள். பிறகு திரும்பி வந்து இன்னொருமுறை போடச் சொன்னாள். மூன்று விமானங்களில் ஒன்றுதான் அசோர்ஸுக்குப் பறந்து போய்ச் சேர்ந்தது என்றேன். மற்ற இரண்டும் மூடுபனியில் வழி தெரியாமல் கடலில் இறங்கின. ஒன்றில் இருந்தவர்களை அந்த வழியால் போன ஒரு கிரேக்கச் சரக்குக் கப்பல் ஏற்றியது. மற்றதில் இருந்தவர்கள் விமானத்தையே படகுபோல மிதக்கவிட்டு இரண்டு நாளுக்கு மேல் அலைந்து, தாங்களாகவே கரை சேர்ந்தார்கள்.

"எத்தினை பேர் செத்தது?"

"ஒருத்தரும் சாகேல்லை."

"ஒருத்தருமே?"

"ஒருத்தரும் இல்லை அக்கா. அந்தக் கரை சேர்ந்த ஆக்கள் வழி மாறினது கூட ஒரு பிழையாலைதான். தன்ரை பாட்டிலை ஊருக்குப் போய்க்கொண்டிருந்த வேறை ஒரு கப்பலைக் கண்டிட்டு, அதைத் தங்கடை வரிசைக் கப்பல் எண்டு நினைச்சிட்டினம்."

"பாவங்கள்" என்றாள் அக்கா. "தூரத்திலை பாத்தால் ஆரின்ரை கப்பல் எண்டு ஆருக்குத் தெரியும்."

அதோடு நான் வாயைத் திறந்திருக்கலாம். அதைவிட நல்ல இடம் எனக்குக் கிடைக்கப் போவதில்லை. அவளே மன்னிப்பைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிற மாதிரி இருந்தது, யாருக்கு என்று தெரியாமல். நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன்.

அப்போதுதான் பற்றிக் வந்தான். ஒரு கையில் வடை, கண்ணில் தண்ணீர், உறைப்பு. அக்காவுக்குத் தலை குனிந்து வணக்கம் சொன்னான். மேசை பிடித்திருக்கிறதா என்று கேட்டான். அக்காவுக்குப் பிரெஞ்சு விளங்கும், கதைக்கத்தான் வராது. இருபத்திரண்டு வருடம் ஆஸ்பத்திரியில் கேட்டுக் கேட்டு வந்த பிரெஞ்சு. பதில் சொல்ல ஆள் வேண்டும். என் கையைத் தொட்டாள்.

"அவரிட்டைச் சொல்லு, நேசம். என்ரை மனிசனும் கடலிலை இப்பிடி மூண்டு நாள் கிடந்தவர், ஒரு கப்பலும் வரேல்லை எண்டு சொல்லு."

பற்றிக் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றான். தமிழில் அந்தப் பொய்யைக் கேட்டுக்கொண்டு இருக்க எனக்குப் பழகிவிட்டது. அதை இன்னொரு மொழியில் புதிதாகச் செய்து கொடுக்க வேண்டும் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. அவளுடைய கணவர் மூன்று நாள் கடலில் கிடந்தார் என்று பிரெஞ்சில் சொன்னேன். நானும் அந்தப் படகில் இருந்தேன் என்று சொன்னேன். அடுத்ததாக என் வாயில் வந்தது இதுதான்:

"ஒரு கப்பல் வந்தது."

"உங்களைக் காப்பாற்றியதா?"

"இல்லை. நாங்கள் ஒளிந்துகொண்டோம். அவர் கைகாட்டப் போனார். நான்தான் விடவில்லை. கடற்படை என்று நினைத்தேன்."

பற்றிக்கின் நெற்றி சுருங்கியது. ஏதோ இலக்கணப் பிழை விட்டுவிட்டேன் என்று நினைத்தவன்போல, மெதுவாக, நான் விளங்கிக்கொள்ள வேண்டும் என்று கேட்டான். "ஆனால் சிவா, கடற்படை என்றால் நல்லதுதானே? கையைக் காட்டியிருக்கலாமே?"

அக்காவின் கை என் கையில் இருந்து எடுபட்டிருந்தது. அவளுக்கு விளங்கும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துதான் பிரெஞ்சில் சொன்னேனா என்று இன்றைக்கும் என்னையே கேட்கிறேன்.

வாசலுக்குப் பக்கத்தில் ஒரு வாங்கு இருக்கிறது, பிள்ளைகள் உட்கார்ந்து சப்பாத்துக் கட்டுவதற்கு. அக்கா போய் அதில் இருந்தாள். நான் முன்னால் நின்றேன். இரு என்று அவள் சொல்லவில்லை.

"அவர் கண்டவரோ?"

"அவர்தான் முதல் கண்டவர்."

"கை காட்டப் போனவரோ?"

"ஓம். சேர்ட்டைக் கழட்டினவர்."

"நீ பிடிச்சனி."

"ஓம்."

"இழுத்தவரோ?"

"கொஞ்ச நேரம் இழுத்தவர் அக்கா. பேந்து விட்டிட்டார்."

அவள் தலையை ஆட்டினாள். என் கைகளைப் பார்த்தாள். நான் அவற்றை எங்கே வைப்பது என்று தெரியாமல் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"அது நேவியோ?"

"இல்லை. இந்தியன்ரை. எங்களைப்போல ஆக்களைத் தேடி வந்தது. மண்டபத்திலை சொன்னவை."

"எப்ப சொன்னவை?"

"அடுத்த நாள்."

இதற்குத்தான் அவள் அழுதாள். கப்பலுக்கு அழவில்லை, நான் கையைப் பிடித்ததற்கு அழவில்லை. அடுத்த நாளே எனக்குத் தெரியும் என்றதும் சீலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். ஆட்கள் பார்த்தார்கள். அனுப்ரியா ஒரு கிளாஸில் தண்ணீர் கொண்டு வந்தாள். அக்கா அதை வாங்கிக் குடித்து, "தாங்க்ஸ் பிள்ளை" என்று சொல்லிக் கிளாஸைத் திருப்பிக் கொடுத்தாள். அவ்வளவு மரியாதை தெரிந்தவள்.

"நேவி எண்டு நினைச்சது பிழையில்லை" என்றாள் பிறகு. "நானும் அப்பிடித்தான் நினைச்சிருப்பன். ஆரும் அப்பிடித்தான். படகிலை நான் இருந்திருந்தால் நானும் சேர்ந்து அவரை அமத்தியிருப்பன்." மூக்கைத் துடைத்தாள். "முப்பத்தஞ்சு வருசம் நான் அந்தக் கடலைத் திட்டினன். வாற போற கப்பல்காரர் எல்லாரையும் திட்டினன். சாமியைத் திட்டினன். நீ பக்கத்திலை இருந்து தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தனி."

"அக்கா, வாங்கோ, வீட்டை கொண்டுபோய் விடுறன்."

"எனக்கு பஸ் தெரியும்."

பஸ் ஏறிப் போய்விட்டாள். வடை டப்பாவை விட்டுவிட்டுப் போனாள். நான் மாலை வரைக்கும் பொத்தானை அழுத்திக்கொண்டு இருந்தேன்.

அந்தக் கிழமை முழுக்க அவள் போன் எடுக்கவில்லை. நான் அழைத்தாலும் மணி அடித்துக்கொண்டே இருந்தது. எனக்குக் கோபம் வந்தது, ஒளிக்காமல் சொல்கிறேன். பிழையில்லை என்று அவள்தானே சொன்னாள், பிறகென்ன என்று நினைத்தேன். என் மனைவியிடமும் அப்படித்தான் சொல்லிப் பார்த்தேன். அவள் என்னை ஒருமாதிரிப் பார்த்துவிட்டு உடுப்பு மடிக்கப் போனாள். அவளுக்கும் இந்தக் கதை அன்றுதான் தெரியும்.

ஞாயிறு வந்தது. போகாமல் இருக்க முடியவில்லை. கோட்-டெ-நெய்ஜில் அந்த அடுக்குமாடியின் மூன்றாம் மாடிக்கு ஏறி, பெல்லை அடித்துவிட்டு நின்றேன். ஏச வேண்டும், அறைய வேண்டும், கதவை என் முகத்தில் சாத்த வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். எது நடந்தாலும் நான் தம்பிதான் என்று ஆகிவிடும்.

கதவு திறந்தது. அக்கா முகம் கழுவி, பொட்டில்லாத நெற்றியில் திருநீறு பூசியிருந்தாள். நான் பிறந்த நாளில் இருந்து என்னை 'எடேய்' என்று கூப்பிட்டவள், 'வாடா, செருப்பைக் கழட்டடா, கையைக் கழுவடா' என்பவள், கதவை முழுக்கத் திறந்து ஒதுங்கி நின்றாள்.

"வாங்கோ" என்றாள். "இருங்கோ."

நான் உள்ளே போய், விருந்தாளிகள் இருக்கிற பெரிய கதிரையில் இருந்தேன். அவள் குசினிக்குள் போனாள். தண்ணீர் கொதிக்கிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் வாசலில் வந்து நின்று, தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"சீனி போடுறனியளோ?"

"ரெண்டு கரண்டி, அக்கா" என்றேன்.